சொராரிட்டி சாப்டருக்கு வருடம் பிறப்பது ஜனவரியில்

டல்லஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "என் மகள் வரும் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள். சொராரிட்டியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீடியோக்களில் பார்த்தால் ஒரே ஆட்டமும் பாட்டுமாக இருக்கிறது. வருடம் முழுக்க அங்கே என்னதான் நடக்கும்? நம்பி அனுப்பலாமா?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நான்கு வருடம் ஒரு சாப்டரில், அதாவது சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கத்தின் கல்லூரிக் கிளையில், இருந்தேன். அதில் ஒரு வருடம் பொருளாளர். வேலைக்குப் போன பிறகு வேறு ஊரில் இன்னொரு சாப்டருக்கு ஆறு வருடம் நிதி ஆலோசகராக இருந்தேன். சம்பளம் கிடையாது, வாரம் ஒரு மாலை போய் உட்கார வேண்டும். உள்ளே இருந்த பெண்ணாகவும் பார்த்திருக்கிறேன், கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லத்தீனில் 'சொரார்' என்றால் சகோதரி. சொராரிட்டி என்ற சொல் அதிலிருந்து வந்தது. 1882இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, அங்கிருந்த காமா ஃபை பீட்டா என்ற மாணவியர் சங்கத்துக்காக அந்தச் சொல்லைப் பரிந்துரைத்தார். சங்கங்கள் அதற்கும் முந்தியவை. 1851இல் ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் ஒரு பெண்கள் கல்லூரியில் தொடங்கிய அடெல்ஃபியன் சங்கம்தான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. 1867இல் இல்லினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் 12 மாணவிகள் கூடி ஆரம்பித்தது இன்றைய பை பீட்டா ஃபை. கல்லூரி வாசலைப் பெண்கள் மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. ஆண் மாணவர்களின் சங்கங்களில் இவர்களுக்கு இடமில்லை, அதனால் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு சொராரிட்டிக்கும் ஒரு தேசியத் தலைமையகம் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைக்குப் பெயர்தான் சாப்டர். சிறிய கல்லூரிகளில் ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். தெற்கத்திய பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே சாப்டரில் நானூறு பேர்கூட இருப்பார்கள்.

சரி, வருடத்துக்கு வருகிறேன். எல்லாரும் ஆகஸ்டிலிருந்து கதை சொல்வார்கள். நான் ஜனவரியிலிருந்து சொல்கிறேன். பெரும்பாலான சாப்டர்களில் நவம்பரில் தேர்தல் நடக்கும், ஜனவரியில் புதிய பொறுப்பாளர்கள் வேலையை எடுத்துக்கொள்வார்கள். தலைவி, பொருளாளர், புது உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு ஒருத்தி, சேர்ந்தவர்களைப் பழக்குவதற்கு ஒருத்தி, படிப்பைக் கவனிக்க ஒருத்தி, உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி, ஒழுங்கு விசாரணைக்கு ஒருத்தி. எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது.

நான் பொருளாளராக இருந்த ஜனவரியில், வகுப்பு தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிட்டோம். வெளியே முழங்கால் வரை பனி. வீட்டில் ஹீட்டரைக் குறைத்து வைத்திருந்ததால் உள்ளேயும் நடுக்கம். கூடத்துக் கம்பளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது பேர் உட்கார்ந்தோம், நடுவில் என் லேப்டாப். சமையல்காரருக்குச் சம்பளம், எரிவாயு, பனி அள்ளுவதற்கு ஆள்கூலி, தலைமையகத்துக்குத் தலைக்கு இவ்வளவு, காப்பீட்டுக்கு இவ்வளவு, கட்டடம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த முன்னாள் மாணவியர் அமைப்புக்கு வாடகை. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சத்தில்தான் விழா, டி-சட்டை, பூ, பலூன். தனி வீடுள்ள சாப்டர் என்றால் வருடக் கணக்கு சில லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தொடும். அந்தக் கணக்கை ஆலோசகர் சரிபார்ப்பார், ஆனால் போடுவது மாணவிதான். இதையெல்லாம் யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஒரு சாப்டர் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள என்னை எங்கேயாவது ஒருநாள் உட்காரவைப்பதாக இருந்தால் அந்த ஜனவரி அறையில்தான் உட்காருவேன். ஆட்டம் பாட்டத்துக்கு எவ்வளவு, கட்டணம் கட்ட முடியாத பெண்ணுக்கு உதவ எவ்வளவு என்று அந்த ஒன்பது பேர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் திங்கட்கிழமைகள். பல சாப்டர்களில் வாரக் கூட்டம் திங்கள் மாலைதான். சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிக்கும். வாசலில் ஒரு கூடை, எல்லாருடைய போனும் அதற்குள். வருகைப் பதிவு உண்டு, காரணமில்லாமல் வராதவருக்கு அபராதம் உண்டு. பேசுவதற்கும் ஓட்டெடுப்புக்கும் நாடாளுமன்றம் மாதிரி முறை இருக்கும்: முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகை இருக்க வேண்டும். முதல் மாதம் தூக்கம் வரும். இரண்டாம் வருடம் வரும்போது நூறு பேர் முன்னால் எழுந்து நின்று, 'இந்தச் செலவு வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்லப் பழகியிருப்பாள். பின்னாளில் அலுவலகக் கூட்டங்களில் எனக்கு வாய் திறந்தது என்றால் அந்தத் திங்கட்கிழமைகள் போட்ட விதைதான்.

என் மூன்றாம் வருடம், பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. கூட்டம் நடக்கும்போதே ஒருத்திக்கு அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கூட்டம் அப்படியே நின்றது. வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த விழாச் செலவை அழித்துவிட்டு, செயலாளர் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் விமான நிலையத்துக்கு யார் கார் ஓட்டுவது, கூட யார் போவது, ஐந்து பேராசிரியர்களுக்கு யார் மின்னஞ்சல் போடுவது, எந்த வகுப்பில் யார் குறிப்பெடுப்பது, துணி யார் மடித்து வைப்பது. முக்கால் மணி நேரத்தில் கார் கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணும் நானும் அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்போமா என்பதே சந்தேகம். அவளுடைய புள்ளியியல் வகுப்புக்கு இரண்டு வாரம் நான் குறிப்பெடுத்தேன். பிரியமானவர்களுக்குச் செய்வது பெரிய விஷயமில்லை. அவ்வளவாகப் பழகாதவளுக்கும் செய்தே ஆகவேண்டிய முறை ஒன்று இருந்ததே, அதைத்தான் சகோதரித்துவம் என்று நான் புரிந்துகொண்டேன்.

குளிர்காலத்தைப் பற்றி இன்னொன்று. மத்திய மேற்கின் பழைய வீடுகள் சிலவற்றில் தனித்தனிப் படுக்கையறை கிடையாது. அறைகளில் மேசையும் அலமாரியும் இருக்கும். தூங்குவதற்கு மாடியில் ஒரே பெரிய கூடம், வரிசையாக அடுக்குக் கட்டில்கள். எங்கள் வீட்டில் அந்தக் கூடத்தின் ஜன்னல்களை ஜனவரியிலும் ஒரு விரல் அளவு திறந்தே வைத்திருப்போம். நாற்பது பேர், இருட்டு, ஒரு சத்தம் கேட்கக்கூடாது. காலை ஐந்து மணி ஷிஃப்டுக்குப் போகிறவளும் இரவு இரண்டு மணிக்கு நூலகத்திலிருந்து வருகிறவளும் ஒரே கூடத்தில் ஒருவரை ஒருவர் எழுப்பாமல் தூங்கக் கற்றுக்கொண்டோம்.

வசந்த காலம் தொண்டுக் காலம். ஒவ்வொரு சொராரிட்டிக்கும் தேசிய அளவில் ஒரு நோக்கம் இருக்கும். ட்ரை டெல்டா 1999 முதல் குழந்தைப் புற்றுநோய்க்கான செயின்ட் ஜூட் மருத்துவமனைக்காகப் பணம் சேர்க்கிறது. ஆல்ஃபா டெல்டா பை, நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்களுக்கு உதவுகிறது. டெல்டா காமா 1936 முதல் பார்வையற்றோருக்கான பணியில் இருக்கிறது. நள்ளிரவில் பான்கேக் சுட்டு விற்பது, நீச்சல் போட்டி, ஓட்டம் என்று பணம் சேர்க்கும் வழிகள் விதவிதமானவை. இதில் பெரியது பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'தான்' (THON). பிப்ரவரியில் 46 மணி நேரம், உட்காராமல், தூங்காமல் நிற்கும் நடன மாரத்தான். 1973இல் தொடங்கியது. சொராரிட்டி மாணவிகள், ஃப்ரெட்டர்னிட்டி என்ற ஆண்கள் சங்கங்களின் மாணவர்கள் ஆகியோரோடு மற்ற மாணவர் சங்கங்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கென்று இதுவரை 20 கோடி டாலருக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். மாணவர்களே நடத்தும் ஒரு காரியம் இந்த அளவுக்கு வளரும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எல்லாச் சாப்டரும் இப்படி இருக்காது. டி-சட்டைக்கே ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு தொண்டுக்குச் சில நூறு மட்டும் அனுப்பிய வருடங்களையும் கணக்கில் பார்த்திருக்கிறேன். மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: போன வருடம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

ஏப்ரலில் அம்மாக்கள் வாரயிறுதி வரும், கிரேக்க எழுத்துப் பெயருள்ள இந்தச் சங்கங்களுக்கிடையே கிரீக் வீக் போட்டிகள் வரும், ஃபார்மல் என்ற நடன விருந்து வரும். கடைசியில் இறுதியாண்டுப் பெண்களை வழியனுப்புவார்கள். போகிறவர்கள் தங்கள் பொருள்களை உயில் எழுதிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். எனக்கு ஒரு பச்சைப் போர்வை வந்தது. அதற்கு முன் நான்கு பேரிடம் இருந்த போர்வை, ஓரத்தில் நான்கு பேருடைய முதலெழுத்துகளும் தைத்திருந்தது.

கோடை விடுமுறை என்று பெயர், ஆனால் உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பாளருக்கு அதுதான் உழைப்புக் காலம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்கு வொர்க் வீக் என்று பெயர். கல்யாண வீடு கெட்டது. காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை பாட்டுப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, யார் எந்தக் கதவருகே நிற்பது என்ற பயிற்சி. அழுகையும் இருக்கும், தொண்டை கட்டும், காலில் கொப்புளம் வரும்.

அதன் பிறகுதான் உங்கள் மகள் வீடியோவில் பார்த்த வாரம். ரஷ் என்பார்கள், முறையான பெயர் ரெக்ரூட்மென்ட். எல்லாக் கல்லூரியிலும் ஆகஸ்ட் அல்ல, சில இடங்களில் ஜனவரியில் நடக்கும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில். 2021இல் அங்கே சேர வந்த பெண்கள் தினமும் என்ன உடுத்தினோம் என்று டிக்டாக்கில் போட, அது உலகம் முழுக்கப் பரவியது. இப்போது அங்கே ஒரு வருடத்தில் 2,500க்கும் மேற்பட்ட பெண்கள் இதற்குப் பதிவு செய்கிறார்கள்.

இதை நம் பெண் பார்க்கும் படலம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் பார்க்கும், இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்லலாம். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், வீட்டுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். அந்த நேரத்துக்குள் இரண்டு, மூன்று பேர் மாறிமாறி வந்து பேசுவார்கள். பையன்கள், குடி, மதம், பணம், அரசியல், இந்த ஐந்தும் பேச்சில் வரக்கூடாது என்று பழக்கியிருப்பார்கள். அன்றிரவு சாப்டர் தனக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தும். பெண்களும் தங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்துவார்கள். கணினி இரண்டையும் பொருத்தும். அடுத்த நாள் போக வேண்டிய வீடுகள் குறையும். தொண்டுச் சுற்று, சகோதரித்துவச் சுற்று என்று போய், கடைசி நாள் பிரெஃபரன்ஸ். அதில் அதிகபட்சம் இரண்டோ மூன்றோ வீடுதான் இருக்கும்.

வீடியோவில் சொல்லாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. ஒரு வீடு எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அந்த வீடு மட்டும் முடிவு செய்வதில்லை. முந்தைய வருடங்களில் அழைப்பை எத்தனை பேர் ஏற்றார்கள் என்ற கணக்கை வைத்து, ஒவ்வொரு சாப்டருக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். எல்லாரும் விரும்பும் வீடு முதல் நாளே நூற்றுக்கணக்கானவர்களைக் கழித்தாக வேண்டும். கூட்டம் குறைவான வீடு நிறையப் பேரை அழைக்கலாம். நடக்காத ஆசையை ஒரு பெண் கடைசி நாள் வரை பிடித்துக்கொண்டு ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதனால் இரண்டாம் நாள் காலை மகள் அழுதுகொண்டே போன் செய்தால், 'உன்னிடம் என்ன குறை' என்று தேட வேண்டாம். ஐந்நூறு பேரைக் கழிக்க வேண்டிய வீட்டில் கால் மணி நேரம் பேசியதை வைத்து யாராலும் யாரையும் எடைபோட முடியாது. அந்தப் பட்டியலைப் போடும் அறையில் இருந்திருக்கிறேன், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

என் முதல் நாள் நினைவு இருக்கிறது. மூன்று வீட்டில் என் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். நான்காவது வீட்டில் ஒருத்தி, "இன்னொரு தடவை சொல்லு, சரியாகக் கற்றுக்கொள்கிறேன்" என்றாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது தடவை வந்துவிட்டது. பிரெஃபரன்ஸ் இரவு அதே வீட்டில் விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மூத்த மாணவிகள் மெதுவாகப் பாடினார்கள். எதிரே உட்கார்ந்தவள் என் பெயரைச் சரியாகச் சொன்னாள். அன்று விருப்பத் தாளில் அந்த வீட்டைத்தான் முதலில் எழுதினேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது விளையாட்டு அல்ல. அதில் எழுதிய ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்த பிறகு வேண்டாம் என்றால், அந்தக் கல்லூரியில் அடுத்த வருடச் சேர்க்கை வரை வேறு எந்தப் பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் சேர முடியாது. பிடிக்காத வீட்டை ஒப்புக்காக எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

பான்ஹெலனிக் என்றேன் அல்லவா. 1902இல் பெண்கள் சங்கங்கள் சேர்ந்து அமைத்த தேசியக் கூட்டமைப்பு அது. இந்தச் சங்கங்களின் பழைய வரலாற்றில் ஒரு கறை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு நெடுங்காலம் இங்கே கதவு சாத்தியே இருந்தது. அது பழங்கதை என்றும் சொல்ல முடியாது. அலபாமாவில் 2013இல்தான் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட், நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பினப் பெண்ணைச் சாப்டர்கள் ஒதுக்கியதை எழுதி வெளியே கொண்டுவந்தது. சில சாப்டர்களில் மாணவிகளே அவளை வேண்டுமென்றார்கள், மூத்த முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்று உள்ளேயிருந்தவர்களே பெயரோடு பேசினார்கள். அதன்பின் பல்கலைக்கழகம் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறந்தது.

கதவு சாத்தியிருந்த காலத்தில் கறுப்பினப் பெண்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கவில்லை. 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1913இல் அங்கேயே 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று பெண்களின் வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் பேனரோடு நடந்தார்கள். அங்கே உறவு பட்டம் வாங்கியதும் முடிவதில்லை, ஆயுள் முழுக்கத் தொடரும். கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். அவர் தேர்தலில் நின்றபோது அந்தச் சங்கத்தின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்து ஊர் ஊராக நின்ற மூத்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்ப் பெண்ணான சியாமளா கோபாலனின் மகளுக்கு இத்தனை அக்காக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றால், அந்தக் கல்லூரி நாள்களிலிருந்துதான்.

நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான கிளை இன்னொன்றும் உண்டு. 1998இல், ஒரே வருடத்தில், தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகள் மூன்று பிறந்தன: ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. முதல் இரண்டும் உங்கள் டெக்சஸில்தான். சாப்டருக்கு ஆள் குறைவு, பெரிய வீடு கிடையாது, செலவும் பொதுவாகக் குறைவு. சேர்க்கை ஆகஸ்ட் கூட்டத்தோடு நடப்பதில்லை, அந்தந்தச் சங்கம் தனியாக நடத்தும். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியவில்லை என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகள் பெரிய வீட்டை மட்டும் பார்க்காமல் இதையும் எட்டிப் பார்க்கட்டும்.

ஆகஸ்டின் கடைசிக் கட்டம் பிட் டே, எந்த வீட்டின் அழைப்பு என்று தெரியும் நாள். அலபாமாவில் எல்லாரும் பிரையன்ட்-டென்னி அரங்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் உறையைப் பிரித்து, தங்கள் வீட்டை நோக்கி ஓடுவார்கள். சந்தோஷமான நாள்தான், மறுக்கவில்லை. ஒரு நாளோடு முடிந்துவிடும்.

செப்டம்பரில் புதுப் பெண்கள் பழகும் வாரங்கள். வாரம் ஒரு வகுப்பு இருக்கும், சங்கத்தின் வரலாறு, விதிகள், கட்டாயப் படிப்பு நேரம். அக்டோபர் வாக்கில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மூத்தவளை அக்காவாகக் கொடுப்பார்கள். 'பிக்', 'லிட்டில்' என்பார்கள். யார் என்று சொல்லாமல் ஒரு வாரம் முழுக்க அறை வாசலில் தின்பண்டம், கடிதம் என்று வந்துகொண்டே இருக்கும். கடைசி நாள் ஆளைக் காட்டுவார்கள். அக்காவின் அக்கா, அவளுடைய அக்கா என்று ஒரு வம்சாவளியே இருக்கும்.

தாய்க்குப் பயம் வர வேண்டிய காலமும் இதுதான். சேர்ந்த புதிதில் உனக்கு விசுவாசம் இருந்தால் இதைச் செய் என்று அவமானப்படுத்துவது, தூங்கவிடாமல் செய்வது, குடிக்க வைப்பது, எல்லாமே ஹேஸிங். எந்தச் சங்கத்தின் விதியிலும் அதற்கு இடமில்லை. ஆனாலும் நடக்கிற இடங்கள் உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டப்படி, கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் ஹேஸிங் செய்து பிடிபட்ட சங்கங்களின் விவரத்தை வெளியிட வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். மது விஷயமும் அப்படித்தான். பான்ஹெலனிக் சொராரிட்டி வீடுகளுக்குள் பொதுவாக மது கூடாது. அதனால் விருந்துகள் ஆண்களின் ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளில் நடக்கின்றன, அங்கே வாசல்கதவும் பானமும் அவர்கள் கையில். இந்த ஏற்பாடு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நல்ல சாப்டரில் ஒவ்வொரு விருந்துக்கும் குடிக்காமல் காவல் இருக்கும் ஐந்தாறு பேர் முறை வைத்துப் போவார்கள், ஒருத்தியைக்கூடத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டார்கள். மகள் சேரும் இடத்தில் அந்த முறை இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஹோம்கமிங் வந்தால் எல்லாரும் விரல் நுனி சிவக்க வேலை செய்வோம். முன்னாள் மாணவர்கள் ஊர் திரும்பும் கால்பந்து வாரயிறுதி அது. கோழிவலைக் கம்பியைப் பலகையில் அறைந்து, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் சின்னச் சதுரமாக வெட்டிய டிஷ்யூ காகிதத்தைத் திணித்து, பெரிய படம் ஒன்றை உருவாக்க வேண்டும். பாம்ப்பிங் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான ஓட்டைகள். மழை வந்தால் சாயம் கரைந்து கையெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருக்கும். மூன்று வாரம் ராத்திரி ராத்திரி தரையில் உட்கார்ந்து காகிதம் திணித்தபோதுதான் பக்கத்தில் இருந்தவள் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள், நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

நவம்பரில் புதியவர்களுக்குத் தீட்சைச் சடங்கு. அதைப் பற்றி வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்பது மட்டும் சத்தியம்.

என் மனதில் தங்கியிருக்கும் நவம்பர் வேறு. நான் ஆலோசகராக இருந்த சாப்டரில் ஒரு புதுப் பெண், இரண்டு மாதக் கட்டணம் பாக்கி. வரைமுறைப்படி கடிதம் போனது, பிறகு அபராதம் சேர்ந்தது, பிறகு கூட்டத்துக்கு வராதே என்றார்கள். அவளுக்குப் பணம் இல்லை என்பதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் முன்னால் ஒரு பாக்கித்தொகை இருந்தது, அவ்வளவுதான். அவள் சொல்லாமல் விலகிவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, காலை ஐந்து மணிக்கு காபிக் கடையில் வேலை பார்த்து அதில்தான் கட்டணம் கட்டி வந்திருக்கிறாள். அடுத்த ஜனவரியில் பட்ஜெட் போடும்போது முதல் வரியில் ஓர் உதவி நிதியை எழுத வைத்தேன், தவணைத் திட்டத்தையும் பிட் டே அன்றே கையில் கொடுக்க வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அது உதவவில்லை.

ஆகவே பணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இடத்துக்கு இடம் ஒரு செமஸ்டருக்குச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை ஆகும். முதல் செமஸ்டரில் நுழைவுக் கட்டணமும் பேட்ஜ் விலையும் சேர்ந்து கூடுதலாக வரும். டி-சட்டை, பரிசு, விருந்துக்கு உடை என்று கணக்கில் வராதது தனி. பல கல்லூரிகளின் பான்ஹெலனிக் மன்றம் கட்டண விவரத்தை இணையத்திலேயே வைத்திருக்கிறது. தவணை உண்டா, உதவி நிதி உண்டா, வீட்டில் தங்குவது எந்த வருடம் கட்டாயம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அனுப்பலாம். ஆகஸ்டில் எந்த வீடு அழகாகப் பாடுகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பேச்சுக் கொடுக்கும் பெண்ணிடம் அவள், "பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை இங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்கட்டும். சட்டென்று பதில் வருகிற வீடும் உண்டு, திருதிருவென்று முழிக்கிற வீடும் உண்டு. ஒரு வீடும் கிடைக்காமல் போனால்? அப்படியும் நடக்கும். கல்லூரியில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் இருக்கின்றன. செமஸ்டர் நடுவில் இடம் காலியான சாப்டர்கள் கூட்டமில்லாமல் அமைதியாக ஆள் சேர்ப்பதும் உண்டு. என் தோழிகளில் இரண்டு பேர் அப்படித்தான் வந்தார்கள்.

தேர்தல் முடிந்து டிசம்பர் வந்தால் தேர்வு. வீட்டில் நாள் முழுக்க நிசப்தம், அடுப்படியில் இரவு பன்னிரண்டு வரை காபி. கடைசித் தேர்வு முடிந்த மாலை, எனக்கு அடுத்து வந்த பொருளாளரோடு கூடத்துக் கம்பளத்தில் உட்கார்ந்தேன். காசோலைப் புத்தகம், அலமாரிச் சாவி, சமையல்காரரின் போன் நம்பர், யாருக்கு எந்த மாதம் தவணை என்ற பட்டியல், ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பட்டியலில் மூன்று பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தேன். "இது என்ன?" என்றாள். "இவர்களுக்குக் கடிதம் போடாதே, முதலில் நேரில் போய்ப் பேசு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தன் பென்சிலை எடுத்து அந்தப் புள்ளிகளை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கினாள்.